அவர் முங்கிக் குளித்த தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

தொட்டி மறுபடியும் பச்சை.

முந்தாநாள்தான் தேய்த்துவிட்டேன். இன்று பிளஸ் டூ பரீட்சைக்கு என்னை மேற்பார்வை போட்டிருந்தார்கள். காலெல்லாம் கடுத்து வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தால், பாலக்கீரையை அரைத்து ஊற்றியது போலக் கிடக்கிறது. வேதியியல் டீச்சர் வீட்டில் இப்படி ஒரு தண்ணீரா என்று என் மாணவிகள் யாராவது பார்த்தால் பள்ளிக்கூடமே சிரிக்கும்.

ஆகவே இனி முறையாக எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். நோக்கம்: பாசியை ஒழித்தல். பொருள்: கொல்லையில் இரும்புக் கால்கள் தாங்கி நிற்கும் வட்டமான நீச்சல் தொட்டி. என் நெஞ்சளவு ஆழம், நீல நிற ரெக்சின் சுவர், ஏறி இறங்க ஒரு ஏணி, பக்கத்தில் முனகிக்கொண்டே ஓடும் ஒரு சின்ன மோட்டார். போன வருடம் லீவில் வந்தபோது என் வீட்டுக்காரர் நயினார் வாங்கி மாட்டியது. கப்பலில் எஞ்சினியராக இருக்கிறவருக்குப் பெண்டாட்டி தண்ணீரைக் கண்டு நடுங்குகிறாள் என்பது பெரிய மானக்கேடு. "தூத்துக்குடியில பொறந்துட்டு நீந்தத் தெரியாதுன்னா வெளிய சொல்ல முடியுமா?" என்பார்.

நீந்த வரவில்லை. மல்லாந்து மிதக்க மட்டும் வந்தது. அதுவும் முதுகுக்குக் கீழே அவர் கை இருந்தால்தான்.

மார்ச் 5, புதன்

ஆய்வகத்திலிருந்து பிஎச் தாள் கொண்டுவந்து சோதித்தேன். எங்கள் தெரு போர்த் தண்ணீருக்கு எப்போதும் காரம் அதிகம். அப்படி இருந்தால் குளோரின் சோம்பேறியாகிவிடும். காலையில் கொஞ்சம் அமிலம் ஊற்றி மோட்டாரை ஓடவிட்டேன். வெயில் இறங்கின பிறகு ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பாசிக்கு முன்னால் நான் போய்விடுவேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. காயல்காரர் கடையில் கருவாடு வாங்கினேன். வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, அதைச் சாப்பிடுகிற ஆள் வீட்டில் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பச்சை போய்ச் சாம்பல் நிறமாகி அடியில் படிந்துவிட்டது. செத்த பாசி. துடைப்பத்தால் ஓரங்களைத் தேய்த்து, வடிகட்டியைக் கழற்றிக் கழற்றிக் கழுவினேன். தண்ணீருக்குள் என் கால் விரல் தெரிந்தது. ரொம்ப சந்தோஷம்.

சாயங்காலம் வடிவு வந்தாள். நயினாரின் தங்கை, அடுத்த தெருவில்தான் வீடு. செவ்வாயும் வெள்ளியும் வெறும் பாலோடு விரதம் இருக்கிறாள். அண்ணன் திரும்பி வரும்வரை என்று வேண்டுதலாம். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். சொன்னால் கேட்பதில்லை.

தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கு மதினி இந்தப் பாடு? அடியில இருக்க மூடியத் தொறந்து தண்ணிய வெளிய விட்டுட்டு, வெளக்கமாத்தப் போட்டு ஒரு தேய் தேச்சா முடிஞ்சிச்சு" என்றாள்.

"மறுபடி ரொப்பத் தண்ணி எங்க இருக்கு? போர்ல நூலாத்தான் வருது. லாரிக்காரன் கூப்பிட்ட அன்னிக்கா வாரான்?"

"அது சரி" என்றாள். அது சரிதான்.

மார்ச் 10, திங்கள்

ஏணிக்குப் பின்னால், நிழல் விழுகிற மடிப்பில், பச்சைக் கோடு ஒன்று.

மார்ச் 11, செவ்வாய்

போன் வந்தது! காற்று மாறிக் கப்பல் கரைப்பக்கம் திரும்பினால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். அதனால் எங்கள் குடும்பத்தில் இப்போது காற்றுதான் பெரிய மனிதர்.

அவர் அக்டோபரில் போனார். இதுதான் கடைசிப் பயணம், வந்ததும் ஊரோடு இருந்துவிடலாம் என்று பேச்சு. போய் ஏறின கொஞ்ச நாளில் கப்பல் கம்பெனி திவாலாகிவிட்டது. கடன்காரர்கள் வழக்குப் போட, வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாமல் கப்பலை விடக் கூடாது என்று சட்டமாம். மாற்று எஞ்சினியர் வருகிற வரைக்கும் இவர் இறங்க முடியாது. மாற்று எஞ்சினியரை அனுப்ப வேண்டிய கம்பெனி இல்லை. பாஸ்போர்ட் யார் கையிலோ இருக்கிறது. கரை கண்ணுக்குத் தெரிகிறதாம்.

"சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேன். நீங்க?"

"சோறும் பருப்பும் ஓடுது. தண்ணிதான் ஆளுக்கு ஒரு வாளி. குளிக்க, தொவைக்க, எல்லாம் அதுலதான்." பிறகு கேட்டார். "நம்ம தொட்டி எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு."

வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கிற மனிதரிடம், நெஞ்சளவு தண்ணீரைப் பாசி பிடிக்க விட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்ல? அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

உரக்கடைக்காரர் யோசனைப்படி துருசு, அதாவது காப்பர் சல்பேட், வாங்கிக் கரைத்தேன். கிணற்றுக்கெல்லாம் போடுவார்களாம். தண்ணீர் சோப்பு விளம்பரம் போல நீலமாகிவிட்டது. துடைப்பம், வாளி, என் கட்டைவிரல் நகம் எல்லாம் நீலம்.

மார்ச் 19, புதன்

நீலத்துக்கு மேலே பச்சை. உரக்கடைக்காரர் வாழ்க.

மார்ச் 22, சனி

இன்று உட்கார்ந்து யோசித்ததில் காரணம் பிடிபட்டது. மாதக் கணக்காகத் தொட்டியில் குளோரின் மாத்திரை போட்டு வருகிறேன். அந்த மாத்திரையில், குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்ற இன்னொரு பொருள் சேர்த்திருக்கிறார்கள். குளோரின் செலவாகிவிடும், அந்தப் பொருள் செலவாகாது. சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் எவ்வளவு குளோரின் போட்டாலும் கையைக் கட்டிப்போட்டது போலச் சும்மா இருக்கும். இதற்கு மருந்து கிடையாது. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான்.

முடிவு: தண்ணீரை மாற்றுவதற்கில்லை. கோடை. தண்ணீர்ப் பஞ்சம்.

வடிவிடம் இதைச் சொன்னது தப்பு. "எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணி லாரிக்காரனத் தெரியும் மதினி. நாளைக்கே விடச் சொல்லுதேன்" என்கிறாள். விடைத்தாள் திருத்தப் போக வேண்டும், நேரமில்லை என்றேன். "நான் கழுவுதேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். இடுப்பு வலிக்கிறது என்றேன். இவளுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு நல்ல மனசு வருகிறதோ, எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கிளம்பினவர்கள் போய்ச் சேர்ந்தாச்சு என்று தகவல் வரும்வரை வீட்டைக் கழுவ மாட்டார்கள், தலைக்குக் குளிக்க மாட்டார்கள். பிணத்தை எடுத்த வீட்டில்தான் ஆள் போனவுடன் கழுவிவிடுவார்கள் என்பது காரணம். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. கிரகண நேரத்தில் வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாழைப்பழம் தின்று காட்டியவள். அவருக்கும் நம்பிக்கை கிடையாது, வெறும் கேலிதான். ஒவ்வொரு முறையும் கப்பலில் ஏறியதும் போன் பண்ணி, "செண்பகம், சேந்துட்டேன். இனி வீட்டக் கழுவு" என்பார். நான் சிரிப்பேன்.

இந்த முறை அந்த வார்த்தை வரவில்லை. ரொம்ப நாள் கழித்துப் போன் வந்தது. வழக்கு, அரிசி, பாஸ்போர்ட் என்று வேறு வார்த்தைகள் எல்லாம் வந்தன.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பாசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

போன். ஆறு வார்த்தை பேசுவதற்குள் கரகரப்பு. பிறகு தெளிந்தது.

"செண்பகம், தொட்டிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். இங்க சமையக்காரப் பையன்ட்ட தெனம் அதப் பத்தித்தான் பேசுதேன். நம்ப மாட்டேங்கான். எங்க வீட்டுக் கொல்லையில கடலே இருக்குலேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அனுப்புதேன்."

"வெயில் நேரத்துல எடு. அடியில வல மாதிரி வெளிச்சம் ஆடும்லா, அது தெரியணும்."

அந்த வெளிச்சம் எனக்கும் தெரியும். மல்லாந்து கிடக்கும்போது அவர் முகத்தில் அது ஆடும். "வயித்த எக்காத, மூச்ச விடு, நான் புடிச்சிருக்கேன்லா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் கை எனக்கு இப்போது வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது, நாற்பத்தேழு வயதில்.

மார்ச் 31, திங்கள்

ஆகாயம் பிரதிபலிக்கிற மாதிரி சாய்த்துச் சாய்த்து எடுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் சாய்த்தாலும் கீரைதான். போன வருடத்துப் படம் ஒன்று போனில் இருக்கிறது, அதை அனுப்பலாமா என்று தேடி எடுத்தேன். படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை. அனுப்பவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

விடைத்தாள் திருத்தும் இடத்தில் மின்விசிறி ஓடவில்லை. பாசியைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மனசு ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வடிவு விளக்குமாறு, ப்ளீச்சிங் பவுடர் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து, "லாரிக்குச் சொல்லியாச்சு மதினி, மத்தியானம் வந்துருவான்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து, தொட்டிக்கு அடியில் இருக்கும் மூடியில் கையை வைத்துவிட்டாள். நான் கத்தின கத்து அவள் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"தொடாத! கைய எடு!"

அவள் பயந்து எழுந்தாள். "என்ன மதினி, பாம்பக் கண்ட மாதிரி?"

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது, அழுகையோடு சேர்ந்து வந்துவிட்டது. "ஒங்க அண்ணன் கெளம்புன அன்னிக்குக் காலையில இதுலதான் முங்கிக் குளிச்சாங்க. ஈரத் தலையோட வண்டியில ஏறுனாங்க. இது அவங்க குளிச்ச தண்ணி. சேந்துட்டேன்னு இன்னும் ஒரு வார்த்த சொல்லல. அது வராம இத நான் எப்படி வெளிய ஊத்துவேன்? போனவங்க பின்னாலயே கழுவி விட்ட மாதிரி ஆயிராதா?"

"படிச்சவங்க, நீங்களுமா?" என்று சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, நான்தான் கழுவிட்டேன்."

"என்னத்த?"

"அன்னிக்கு நீங்க அண்ணன வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போனீங்கள்லா. வெளக்கேத்தச் சொல்லிச் சாவி குடுத்துட்டுப் போனீங்க. வெளக்கு வைக்க நேரமாச்சேன்னு, கைப் பழக்கத்துல, வாளியில மோந்து வாசலக் கழுவி விட்டுட்டேன். ரெண்டாவது வாளி ஊத்தும்போதுதான் ஒறச்சுச்சு. அண்ணன் அப்பத்தான் பிளைன் ஏறியிருக்கும். ஓடிப்போயி அந்த எடத்துல மண்ணள்ளிப் போட்டேன். என்னாலதான் மதினி எங்க அண்ணன் அங்கன கெடக்கான்."

நான் அவளைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். "வீட்டுக்குப் போ" என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அப்படியானால் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

இரண்டு வாளி! கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா சவம்?

ஏப்ரல் 9, புதன்

வடிவு வரவில்லை. போனும் இல்லை. வாசல் கேட்டில் ஒரு தூக்குச்சட்டி மாட்டியிருந்தது, உள்ளே தேங்காய்ப்பால் சொதி. எனக்குப் பிடிக்கும் என்று முருங்கைக்காயை நிறையப் போட்டிருந்தாள். மாட்டிவிட்டு மணி அடிக்காமலேயே போயிருக்கிறாள்.

சாப்பிட்டேன். தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். கோயிலில் வடிவைத் தூரத்தில் பார்த்தேன். நல்ல உச்சி வெயிலில் பிரகாரக் கல்லில் செருப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று முடிந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மறுபடி நடக்கிறாள். என்னைக் கண்டதும் கும்பலுக்குள் ஒளிந்துகொண்டாள்.

அக்டோபரிலிருந்து இவள் விரதம் இருந்ததும், என் வீட்டுக்கு ஓடி ஓடி வந்ததும், கழுவுகிறேன் கழுவுகிறேன் என்று நின்றதும் எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. நான் ஒரு தொட்டித் தண்ணீரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உடம்பையே உருக்கிக்கொண்டிருக்கிறாள். அது வெறும் வாசல்தான், ஒன்றும் ஆகாது என்று நான் வாயால் சொன்னால் நம்புவாளா? சொல்கிற நானே தண்ணீரைக் கொட்டப் பயந்து நிற்கும்போது?

இதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையிலேயே போன் போட்டேன். "வடிவு, வெளக்கமாத்த எடுத்துட்டு வா. நாளைக்குச் சித்திரை ஒண்ணு. வீடு வாசல் சுத்தமா இருக்கணும்."

வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"வேண்டாம் மதினி. எனக்காக இதச் செய்யாதீங்க. அண்ணன் சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்."

"ஒங்க அண்ணன் சொல்லுத வரைக்கும் பாசி காத்துக்கிட்டு இருக்குமா? உள்ள வாட்டி."

மூடியைத் திறந்தது நான்தான். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், எனக்குத் தைரியம் சொல்லவா, என்னை நிறுத்தவா என்று அவளுக்கே தெரியாது. பச்சைத் தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்கால் வழியாக ஓடித் தெருச் சாக்கடைக்குப் போயிற்று. அவர் குளித்த தண்ணீர். நான் நின்று பார்த்தேன். "பத்திரமா போயிட்டு வாங்க" என்று மனசுக்குள் சொன்னேன்.

பிறகு இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கித் தேய்த்தோம். மடிப்புக்கு மடிப்பு வழவழவென்று பாசி. வடிவு வழுக்கி உட்கார்ந்தாள், தூக்கப் போன நானும் உட்கார்ந்தேன். அவள் சிரிக்கத் தொடங்கி அழுகையில் கொண்டுபோய் முடித்தாள். "இதக் கழுவுனா ஒண்ணும் ஆகாதுன்னா, அன்னிக்கு வாசலக் கழுவுனதுலயும் ஒண்ணும் ஆகலதான மதினி?" என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல. அந்தக் கப்பல் மொதலாளி கடன் வாங்குனதுக்கு நீ என்ன செய்வ?"

மத்தியானம் லாரி வந்தது. வடிவுக்குச் சோறு போட்டு, சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. அவர் எப்படியும் கூப்பிடுவார் என்று போனைப் பூஜை அறையில் வைத்திருந்தேன். கூப்பிடவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அழைப்பு இல்லை. காற்று அந்தப் பக்கம் எப்படி அடிக்கிறதோ.

ஏப்ரல் 17, வியாழன்

அழைப்பு இல்லை. பாசியும் இல்லை. அடியில் அந்த வலை வெளிச்சம் ஆடுகிறது. படம் எடுத்து அனுப்பினேன். போய்ச் சேராமல் நிற்கிறது.

வடிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றுகிறது. அதை அவளிடம் காட்டக் கூடாது. அதனால் அவளுக்கு எலுமிச்சை ஊறுகாய் போடுவது எப்படி என்று பாடம் நடத்தினேன். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வந்துவிட்டது! காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது. இட்லி கருகிப் போகட்டும்.

"போட்டோ பாத்தேன்" என்றார். குரல் நன்றாக இருந்தது. "சமையக்காரப் பையன் வாயப் பொளந்துட்டான். எல்லாரும் மாத்தி மாத்திப் பாக்காங்க."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு." பிறகு எஞ்சினியர் புத்தி வேலை செய்தது. "ஆமா, சுவத்துல பழைய தண்ணிக் கோடு இல்லயே. தண்ணிய மாத்தினியா?"

இனி எதற்குப் பொய். "மாத்தினேன். கண்ணாடி மாதிரின்னு இத்தன நாளு சொன்னது பொய்யி. பச்சையாத்தான் கெடந்துச்சு. வடிவும் நானும் போன ஞாயித்துக்கிழம எல்லாத்தையும் கொட்டிட்டுக் கழுவினோம்."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"கழுவிட்டியா?" என்றார்.

"கழுவிட்டேன்."

"நான் சேந்துட்டேன்னு ஒன்ட்ட சொல்லவே இல்லல்லா செண்பகம்."

"இல்ல" என்றேன்.

"மறந்துபோயி இல்ல. கப்பல்ல கால் வச்சதும் போனத்தான் எடுத்தேன். பாத்தா டெக்கெல்லாம் துருப்புடிச்சிக் கெடக்கு, சமையக்கட்டுல அரிசி இல்ல. இது சரியில்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல. சொன்னா நீ வீட்டக் கழுவிருவ. கழுவாம இருந்தா, நான் இன்னும் வீட்ட விட்டுக் கெளம்பலன்னு நெனச்சுக்கிட்டு இங்கன கெடக்கலாம்லா. கூறுகெட்ட நெனப்புதான். ஆனா அதப் புடிச்சிக்கிட்டுத்தான் இத்தன மாசம் கெடந்தேன்."

"ஐயோ, இப்ப கழுவிட்டேனேங்க. நான் என்ன செய்ய?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

"நல்லதாப் போச்சு போ. அப்ப நான் கெளம்பிட்டேன்னு ஆயிருச்சு. கெளம்பிப் போனவன்தான திரும்பி வர முடியும்?"

அதற்குள் காற்று திரும்பிவிட்டது. மாற்று எஞ்சினியர் பற்றி நான் கேட்கவே இல்லை. வடிவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். அண்ணன் சிரித்தார் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை விரதம் வேண்டாம், என் வீட்டில்தான் சாப்பாடு என்றும் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

வழக்கு ஒத்தி வைத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்து ஒரு வரி செய்தி. எதுவரைக்கும் என்று இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தண்ணீர் தெளிவு. பிஎச் சரி. இனி அந்த மாத்திரை போடுவதில்லை, சாயங்காலம் கொஞ்சம் பவுடர் மட்டும்.

வெயில் சாயும் நேரத்தில் தனியாக இறங்கினேன். வடிவு கரையில் நின்று, "மதினி வேண்டாம், மதினி வேண்டாம்" என்று ஜபம் செய்துகொண்டிருந்தாள். ஏணியைப் பிடித்தபடி நின்று, மெதுவாகச் சாய்ந்து, காதுகளைத் தண்ணீருக்குள் விட்டேன். வயிற்றை எக்கவில்லை. மூச்சை விட்டேன். ஏணியிலிருந்து கையை எடுத்தேன்.

மிதந்தேன். வடிவு சொல்வது எதுவும் கேட்கவில்லை. மேலே ஆகாயம், கொடிக்கயிறு, அதில் என் துணி மட்டும்.

நோக்கம் நிறைவேறியது. பாசி இல்லை.

முடிவு: மிதப்பதற்கு முதுகுக்குக் கீழே அந்தக் கை தேவையில்லை. எனக்குத் தேவை.